வெயிலில் தெரியாத நெருப்பு

வீட்டில் தினமும் காப்பி போட எந்தப் பாத்திரம் சரி என்பதை நான்தான் சொல்ல வேண்டும் என்று ஒரு தை மாதக் காலையில் என் கணவர் சொன்னார். எனக்கு மரியாதை தருவதாக நினைத்துத்தான் அப்படிச் சொன்னார். எனக்கோ அது பாரமாகத்தான் இருந்தது.

அப்போது நான் இலங்கை மலைநாட்டில் இருக்கும் பதுளைக்கு வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. திருச்சிப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தவள் நான். ரயில் பண்டாரவளையோடு நின்றுவிடும் காலம் அது. அங்கிருந்து மாட்டு வண்டியில்தான் பதுளைக்கு வர வேண்டும். கடைத்தெருவில் முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. பாத்திரம், விளக்கு, பூட்டு, ஆணி என்று எல்லாம் விற்கும் கடை அது. என் கணவரும் அவருடைய அண்ணனும் சேர்ந்து நடத்தினார்கள். அண்ணனுடைய மனைவி நான் வருவதற்கு முன்னாலேயே பிரசவத்தில் இறந்துவிட்டாராம். ஆக, வீட்டில் இரண்டு ஆண்களும் நானும்தான். அடுப்படிக்குத் துணையாக ஓர் அம்மாள் இருந்தாள். தெமோதரைப் பக்கத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவள். மலையில் விழுந்து கால் சரியில்லாமல் போனதால் எங்கள் வீட்டுக்கு வந்தவள்.

கணவரின் அண்ணன் எனக்கு மூத்தார் முறை. மூத்தார் முன்னால் நான் நிற்க மாட்டேன், பேசவும் மாட்டேன். எங்களில் அது வழக்கம். அவர் கூடத்துக்கு வந்தால் நான் உள்ளே போய்விடுவேன். ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் கணவர் மூலம் சொல்வேன், இல்லாவிட்டால் அந்த அம்மாளிடம் சொல்லி அனுப்புவேன். இரண்டு வருஷத்தில் ஒரு வார்த்தைகூட நேராகப் பேசியதில்லை. என்ன முறை வைத்து அவரை அழைப்பது என்பதைக்கூட யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. தேவைப்படவில்லை.

அந்த வீட்டில் சாப்பாட்டைவிடக் காப்பி பெரிய விஷயம். நோய் விழுந்து காப்பித் தோட்டங்கள் அழிந்து, மலை முழுக்கத் தேயிலை வந்த பிறகும், வேலியோரங்களிலும் கொல்லைகளிலும் பழைய செடிகள் சில காய்த்துக்கொண்டுதான் இருந்தன. அந்தக் கொட்டையை வாங்கி, வறுத்து, இடித்து வைத்துக்கொள்வோம். அதுவரை நான் துணியில் வடிகட்டித்தான் காப்பி போட்டேன். கார்த்திகை மழையில் துணி காயவே காயாது. புளித்த வாடை வரும். மூத்தார் தம்ளரை முகர்ந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் குடிப்பார். அந்த ஒன்றும் சொல்லாததுதான் எனக்குப் பயம்.

கணவருக்கு இதில் வியாபார யோசனையும் இருந்தது. இந்தியாவிலிருந்து பித்தளைக் காப்பி பில்டர்கள் ஒரு பெட்டி வந்திறங்கியிருந்தன. அதோடு, சீமைக்குத் திரும்பிப் போன ஒரு துரையின் பங்களாச் சாமான்களை விற்றபோது, கண்ணாடியால் ஆன காப்பி மிஷின் ஒன்றையும் வாங்கி வந்திருந்தார்.

"துணியப் பத்தி உனக்கே தெரியும். பத்து நாளைக்கு பில்டர்ல போடு. அப்புறம் பத்து நாளைக்கு மிஷின்ல போடு. எது வீட்டுக்கு ஒத்து வருதுன்னு நீ சொல்லு. நம்ம வீட்டுல நல்லா இருந்தாத்தான் கடைக்கு வர்றவங்ககிட்ட நான் தைரியமா சொல்லலாம்" என்றார்.

பில்டர் எனக்கு முதல் நாளே பிடித்துவிட்டது. மேல் பாத்திரத்தில் தூளைப் போட்டு அமுக்கி, கொதிக்கும் தண்ணீரை ஊற்றி மூடிவிட்டால் போதும். நான் வாசல் கூட்டிவிட்டு வருவதற்குள் கறுப்பாக, மணமாக டிகாஷன் இறங்கியிருக்கும். மண்டி இல்லை, வாடை இல்லை. மூத்தார் ஐந்தாம் நாள் தம்பியிடம், "காப்பி நல்லாத்தான் இருக்கு. ஆனா ரொம்ப நேரமாவுது" என்று சொன்னது எனக்கு உள்ளே கேட்டது.

பதினோராம் நாள் மிஷினை எடுத்துக் கூடத்து மேசையில் வைத்தார்கள்.

இரண்டு கண்ணாடிக் குடங்கள், ஒன்றின் மேல் ஒன்று. நடுவில் ஒரு குழாய். கீழ்க் குடத்துக்கு அடியில் ஒரு சின்ன ஸ்பிரிட் விளக்கு. பங்களா சமையற்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்து என் கணவர் செய்து காட்டினார். கீழே தண்ணீர், மேலே தூள். விளக்கைப் பற்ற வைத்துக் கொஞ்ச நேரம் ஆனதும், கீழே இருந்த தண்ணீர் உறுமிக்கொண்டு குழாய் வழியாக மேலே ஏறியது. யாரும் தொடாமல் தானாக ஏறியது. விளக்கை எடுத்ததும் காப்பியாக மாறி, பெருமூச்சு விடுவதுபோல ஒரு சத்தத்தோடு கீழே வந்து விழுந்தது.

மூத்தார் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு குழந்தைபோலப் பார்த்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. "இன்னொரு தடவ செய்யி" என்றார்.

நான் கதவுக்குப் பின்னால் நின்று அந்த விளக்கை மட்டும்தான் பார்த்தேன். 

இதற்குக் காரணத்தை எழுத வேண்டும். எனக்கு ஓர் அக்கா இருந்தாள். எனக்குப் பதினொரு வயது இருக்கும்போது, ஒரு சாயங்காலம் அவள் எரிகிற விளக்கில் மண்ணெண்ணெய் ஊற்றினாள். திரி அணைந்துவிட்டது என்று நினைத்திருக்கிறாள். நான் எதிரில் உட்கார்ந்து பூ கட்டிக்கொண்டிருந்தேன். தீ பாட்டிலுக்குள் ஏறி அவள் மேல் சிதறியது. அவள் வாசலுக்கு ஓடினாள். ஓடியதால் காற்றில் இன்னும் எரிந்தது. நான் கையில் நாரோடு உட்கார்ந்தே இருந்தேன். எழுந்திருக்கவில்லை. மூன்று நாள் இருந்து போனாள்.

கலியாண வயதுப் பெண் தீயில் போனால் ஊர் வேறு மாதிரிப் பேசும். அதனால் என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் மூத்தவள் காய்ச்சலில் போய்விட்டாள் என்று அப்பா சொல்லிவிட்டார். அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அந்தப் பேச்ச எடுத்தீன்னா உன் வாழ்க்கையும் போச்சு" என்றாள். ஆகவே, நெருப்பைக் கண்டு பயப்படுகிறேன் என்று நான் காட்டிக்கொள்ளக் கூடாது. காட்டினால், ஏன் என்று கேட்பார்கள்.

விறகு அடுப்பு எனக்குப் பழகிப் போயிருந்தது. அதன் நெருப்பு ஒரே இடத்தில் இருக்கும். சத்தம் போடும், புகையும், தான் இருப்பதைச் சொல்லும். ஸ்பிரிட் நெருப்பு அப்படியில்லை. மேசை கிழக்கு ஜன்னலோரம் இருந்தது. காலை வெயில் நேராக விழும். அந்த வெளிச்சத்தில் விளக்கு எரிகிறதா இல்லையா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. புகை கிடையாது, மணமும் அவ்வளவு கிடையாது. புறங்கையை மெதுவாக அருகே கொண்டுபோய்ச் சூட்டை வைத்துத்தான் தெரிந்துகொள்வேன். ஒவ்வொரு காலையும் அப்படிக் கையை நீட்டும்போது யாராவது பார்த்துவிடுவார்களோ என்றிருக்கும்.

முந்தானையை இழுத்து இறுக்கிச் செருகிக்கொள்வேன். நீளக் குச்சியால் பற்ற வைப்பேன். ஒரு சாக்கை நனைத்துப் பிழிந்து மேசைக்கு அடியில் போட்டு வைப்பேன். பிறகு மூத்தார் வந்து உட்காருவார், நான் கதவுக்குப் பின்னால் போய்விடுவேன்.

தெமோதரை அம்மாள் இதைக் கவனித்துவிட்டாள். "எதுக்கும்மா தெனமும் சாக்க நனைக்கிறீங்க?" என்றாள்.

"தரை தொடைக்க."

"தரைய நாந்தானே தொடைக்கிறேன்."

நான் சாக்கைப் பிழிந்து மேசைக்கு அடியில் தள்ளினேன்.  மறுநாள் நான் எழுவதற்கு முன்பே சாக்கு நனைந்து மேசைக்கு அடியில் கிடந்தது.

பத்து நாள் முடிந்தது. எது வேண்டும் என்று கணவர் கேட்டார். பில்டர் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள், "அண்ணனுக்கு மிஷின்தான் ரொம்பப் பிடிச்சுப் போச்சு. யார் வந்தாலும் காட்டுறாரு. அண்ணி போனதுக்கப்புறம் அவர் இவ்வளவு சந்தோஷமா இருந்து நான் பாக்கல" என்றார். "ரெண்டும் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டேன். அவர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். மிஷின் மேசையிலேயே தங்கிவிட்டது.

பங்குனியில் ஒரு நாள் கணவர் சாமான் எடுக்கப் பண்டாரவளைக்குப் போயிருந்தார். நான் வழக்கம்போல விளக்கைப் பற்ற வைத்துவிட்டு உள்ளே வந்தேன். நல்ல வெயில். ஜன்னல் வழியாகக் காற்றும் அடித்தது. காற்றில் சுடர் சாய்ந்துகொண்டிருந்ததோ என்னவோ, வெகு நேரமாகியும் தண்ணீர் ஏறவில்லை. மூத்தார் குனிந்து பார்த்தார். "அணைஞ்சு போச்சு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு எழுந்து போய், அலமாரியிலிருந்து ஸ்பிரிட் டின்னை எடுத்து வந்தார். இரண்டு கண்ணாடிக் குடங்களையும் பிடியோடு தூக்கி மேசையோரமாக வைத்தார்.

நான் கதவிடுக்கில் நின்றிருந்தேன். மேசைக்குப் பின்னால் வெள்ளையடித்த சுவர். அதில் வெயில் விழுந்து விளக்கின் நிழல் தெரிந்தது. அந்த நிழலுக்கு மேலே சுவர் நடுங்கிக்கொண்டிருந்தது. தார் ரோட்டில் கானல் ஆடுமே, அதுபோல. விளக்கு எரிகிறது. எனக்குத் தெரிந்துவிட்டது.

அவர் டின்னின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

கூப்பிட வேண்டும். வாயைத் திறந்தேன். என்னவென்று கூப்பிடுவது? அந்த ஒரு வார்த்தை என்னிடம் இல்லை. வேண்டாம் என்று கத்தியிருக்கலாம். விளக்கு என்று கத்தியிருக்கலாம். இன்றைக்கு உட்கார்ந்து எழுதும்போது எத்தனையோ வார்த்தைகள் வருகின்றன. அன்றைக்கு ஒன்றும் வரவில்லை. ஒரு மூச்சு விடும் நேரம்தான் இருக்கும். அவர் ஊற்றிவிட்டார்.

தீ டின்னுக்குள் ஏறியது. அவர் டின்னைக் கீழே போட்டார். ஸ்பிரிட் மேசையிலும் அவர் கையிலும் வேட்டியிலும் சிதறியது. நெருப்பு கண்ணுக்குத் தெரியவில்லை என்பதுதான் எல்லாவற்றிலும் கொடுமை. அவர் வேட்டி தானாகவே கறுத்துச் சுருங்கியது. என்ன நடக்கிறதென்று அவருக்கே புரியவில்லை. புரிந்ததும் வாசல் பக்கம் திரும்பினார்.

அவர் ஓடப் போகிறார் என்று பார்த்ததும் என் கால்கள் நகர்ந்துவிட்டன. சாக்கை இழுத்து அவர் இடுப்பிலும் காலிலும் சுற்றி, என் முழு பலத்தோடு தள்ளித் தரையில் விழச் செய்தேன். அவர் மேலேயே விழுந்து அமுக்கினேன். மேலே மேசையில் கண்ணாடிக் குடங்கள் வெடித்து, வெந்நீர் என் தோளில் கொட்டியது. தெமோதரை அம்மாள் அந்தச் சரியில்லாத காலோடு தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்து எங்கள் மேல் ஊற்றினாள். இன்னொரு குடம் மேசையில் ஊற்றினாள்.

அடுத்த கடைக்காரர்கள் வந்து அவரை வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வலது கை முழங்கை வரைக்கும், ஒரு காலில் முழங்காலுக்குக் கீழேயும் வெந்து போயிருந்தது. உயிருக்குப் பயமில்லை என்று மத்தியானம் ஒருவர் வந்து சொன்னார். நான் கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டே இருந்தேன். முடிந்த பிறகும் தரையைத் தடவிக்கொண்டிருந்தேன். "போதும்மா, எந்திரிங்க. தோள்ல மருந்து போடணும்" என்று அம்மாள் என்னைத் தூக்கி நிறுத்தினாள்.

மாலையில் கணவர் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு நேராக என்னிடம் வந்தார். கண் கலங்கியிருந்தது. "உன்னாலதான் பொழைச்சேன்னு அண்ணன் திரும்பத் திரும்பச் சொல்றாரு" என்றார்.

அதைக் கேட்டபோது என் பயம் இரட்டிப்பாகிவிட்டது. விளக்கு எரிவதை நான் முன்னாலேயே பார்த்துவிட்டேன் என்பது அவர்களுக்குத் தெரியாது.

மூத்தார் மூன்று வாரம் கழித்து வீட்டுக்கு வந்தார். அந்த மூன்று வாரமும் நான் சரியாகச் சாப்பிடவில்லை. ஊரில் அக்காவுக்குச் செய்தது போதாது என்று இங்கே வந்தும் பார்த்துக்கொண்டே நின்றவள் நான் என்று மனம் சொல்லிக்கொண்டே இருந்தது. அவர் வந்த மறுநாள், கணவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, கூடத்திலிருந்து என்னை நேராகவே கூப்பிட்டார்.

"இங்க வாம்மா."

போய்ச் சுவரோரம் நின்றேன்.

"அன்னிக்குக் கதவுகிட்ட நின்னுக்கிட்டு இருந்தியே. வெளக்கு எரியுதுன்னு உனக்குத் தெரிஞ்சுதா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அவர் குரலில் குற்றம் இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். ஆனால் அவர் கையில் போட்டிருந்த கட்டைப் பார்த்துக்கொண்டு என்னால் பொய் சொல்ல முடியவில்லை.

"தெரிஞ்சுதுங்க."

கணவர் நிமிர்ந்து பார்த்தார்.

"பின்ன ஏம்மா சொல்லல?"

"உங்கள என்னன்னு கூப்பிடறதுன்னு தெரியலைங்க."

 கடைத்தெருவில் வண்டி போகும் சத்தம் கேட்டது. பிறகு அவர், "அந்தச் சாக்கு எப்படி ஈரமா அங்க கெடந்துச்சு?" என்றார்.

அழுகையை அடக்கிக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். அக்காவைப் பற்றி, மண்ணெண்ணெய் பற்றி, காய்ச்சல் என்று அப்பா சொன்னதைப் பற்றி, பூ நாரைக் கையில் வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்ததைப் பற்றி. பாதியிலேயே என் கணவர் எழுந்து கடைக்குள் போய்விட்டார்.

மூத்தார் மட்டும் முடியும்வரை கேட்டார். "இனிமே மாமான்னு கூப்பிடு. கத்தணும்னா கத்து. முறையெல்லாம் உசுருக்கு அப்புறந்தான்" என்றார்.

என் கணவர் நாலு நாள் என்னோடு பேசவில்லை. சாப்பிட்டார், கடைக்குப் போனார், வந்தார். பொய் சொல்லிக் கட்டிவைத்த பெண் என்று ஊருக்குத் திருப்பி அனுப்பிவிடுவார் என்றே நினைத்தேன். கப்பலையும் அம்மாவின் முகத்தையும் நினைத்துக்கொள்வேன். என் சேலைகளைக்கூட மடித்து ஒரே இடத்தில் வைத்துவிட்டேன். தெமோதரை அம்மாள் அதைப் பார்த்துவிட்டு, "ஐயாவுக்கு உங்க மேல கோவமில்லம்மா. அந்த மிஷின வாங்கியாந்தது அவருதானே. அந்த வெக்கத்துல இருக்காரு" என்றாள். நான் நம்பவில்லை.

ஐந்தாம் நாள் காலையில் அவர் அடுப்படிக்கே வந்தார். அங்கே ஆண்கள் வரும் பழக்கமில்லை. அம்மாள் ஒதுங்கிப் போனாள். நான் மறுபடியும் துணியில்தான் வடிகட்டிக்கொண்டிருந்தேன். யாரையும் கேட்காமல் பில்டரை எடுக்கத் தைரியம் வரவில்லை. அவர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"அன்னிக்கு நான் கேட்டப்ப உன் மனசுல எது இருந்துச்சு?"

"பில்டர்."

"ஏன் சொல்லல?"

"உங்க அண்ணன் சந்தோஷமா இருந்தாரு."

 அப்புறம், "உன் அக்கா பேரு என்ன?" என்று கேட்டார். சொன்னேன். எட்டு வருஷத்துக்கும் மேலாக அந்தப் பெயரை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. அவர் ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். பிறகு கடைக்குள் போய் ஒரு புது பில்டரை எடுத்துவந்து வைத்துவிட்டுப் போனார்.

மூத்தாரின் கை ஆறியது, ஆனால் இரண்டு விரல்கள் மடங்கியபடியே நின்றுவிட்டன. இடது கையால் தம்ளரைப் பிடிக்கப் பழகிக்கொண்டார். காலையில் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு, "எறங்கிடுச்சாம்மா?" என்பார். "இன்னும் இல்ல மாமா" என்பேன். அதற்குப் பிறகும் அவசரம் தாங்காமல் இரண்டு தடவை கேட்பார்.

எனக்குப் பயம் போய்விட்டதா என்றால், இல்லை. இன்றும் வெயிலில் யாராவது நெருப்புக் குச்சி கிழித்தால் என் கை முந்தானையைத் தேடிப் போகிறது. ஆனால் பயத்தோடு பேசப் பழகினேன்.

அந்த ஆவணியில் பூனாகலைத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை ஒருவர் கடைக்கு வந்தார். துரை பங்களாவில் பார்த்தாராம். அதேபோலக் கண்ணாடி மிஷின் ஒன்று கொழும்பிலிருந்து வரவழைத்துத் தர வேண்டும், வீட்டில் பெண்சாதி தினமும் துணியோடு மல்லுக்கட்டுகிறாள் என்றார். என் கணவர், "இந்த விஷயத்த எங்க வீட்டுலதான் கேக்கணும்" என்று சொல்லிவிட்டுக் கதவுப் பக்கம் பார்த்தார்.

நான் வாசற்படிவரைக்கும் வந்தேன். அந்நிய ஆணோடு கடையில் நின்று பேசியது அதுதான் முதல் தடவை. கதவு நிலையை ஒரு கையால் பிடித்துக்கொண்டேன்.

"அது வேணாங்க. அதுல நெருப்பு வெயில்ல தெரியாது. அணைஞ்சுடுச்சுன்னு நெனச்சு ஸ்பிரிட் ஊத்திடுவாங்க. உங்க வீட்டம்மா சேலை கட்டிக்கிட்டுத்தானே நிப்பாங்க."

அவர் பதில் சொல்வதற்குள், உள்ளேயிருந்து மூத்தார் எழுந்து வந்து, தன் வலது கையைக் கல்லாவின் மேல் வைத்தார். கணக்கப்பிள்ளை அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரிங்க. அப்ப வேற என்ன இருக்கு?" என்றார்.

பில்டரைக் காட்டி, எப்படி என்று சொன்னேன். தூளை ரொம்ப அமுக்கினால் இறங்காது, லேசாக அமுக்கினால் போதும். துளை அடைத்துக்கொண்டால் வெந்நீரில் போட்டு ஊசியால் குத்திவிட வேண்டும். தண்ணீர் நன்றாகக் கொதித்திருக்க வேண்டும்.

"எவ்வளவு நேரமாவும்?"

"வாசல் கூட்டிட்டு வர்ற நேரங்க."

அவர் சிரித்தார். "எங்க வீட்டுல வாசல் கொஞ்சம் சின்னது" என்று சொல்லிக்கொண்டே அதை வாங்கித் துண்டில் சுற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.